கயிற்றில் ஒட்டிய மணல்: மணவாளக்குறிச்சித் தாதுமணலின் வரலாறு

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே அமைந்த மணவாளக்குறிச்சியின் கடற்கரையில், பருவமழைக் காலங்களில் அலைகள் கொண்டுவந்து ஒதுக்கும் கரிய மணல், கடந்த நூற்றுப் பதினைந்து ஆண்டுகளில் மும்முறை உலகின் இன்றியமையாப் பொருள்களின் வரிசையில் இடம்பெற்றிருக்கிறது. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்கு ஒருமுறையும், அணு ஆற்றலுக்கு மறுமுறையும், மின்வாகனங்களிலும் காற்றாலைகளிலும் பொருத்தப்படும் காந்தங்களுக்கு இப்போது மூன்றாம் முறையுமாக அதைத் தேடி வந்தவர்கள் மாறியிருக்கிறார்கள்; ஆனால் மணல் இங்கே கிடக்க, அதற்குள் இருக்கும் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் திறன் வேறெங்கோ இருந்துவரும் நிலை பெரிதும் மாறவில்லை. அருங்கனிமங்களை உலகுக்கு வழங்கும் நாடாக இந்தியா உயருமா என்று இன்று எழும் கேள்விக்கு, கனிம இருப்பின் அளவைக் காட்டிலும் இந்தத் திறனின் வரலாறே தெளிவான விடையைத் தரக்கூடியது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள மிகப் பழமையான பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகளின் வழியே கடலைச் சேர்கின்றன. அவ்வாறு சேரும் மணலைக் கடல் மீண்டும் கரைக்குத் தள்ளும்போது, எடை குறைந்த வெண்மணல் அலையோடு திரும்பிச் செல்ல, அடர்த்தி மிகுந்த கனிமங்கள் கரையிலேயே தங்கிவிடுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாக நெல்லைப் புடைப்பது போல அலைகள் புடைத்துக் குவித்த இந்தக் கனமான மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் ஆகியவை கலந்துள்ளன. மணலுக்குக் கருநிறம் தருவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட். தேன்நிறத் துகள்களாகச் சிறிதளவே காணப்படும் மோனசைட்தான் இந்த வரலாற்றின் மையப் பொருள். அது சீரியம், லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களின் பாஸ்பேட் சேர்மம். அதனுடன் கதிரியக்கம் கொண்ட தோரியமும் பிணைந்திருக்கிறது. இந்தியக் கரைகளில் கிடைக்கும் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 8 முதல் 9 விழுக்காடு வரை இருப்பதால், அது பிரேசில் மோனசைட்டைவிட வளமானதாகக் கருதப்பட்டது.

அருமண் என்னும் பெயர் சற்றே தவறான எண்ணத்தைத் தருவது. லாந்தனம் தொடங்கி லுட்டீசியம் வரையிலான 15 தனிமங்களையும், அவற்றோடு இயல்பில் ஒத்த ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய இரண்டையும் சேர்த்து இப்பெயரால் குறிக்கின்றனர். இவற்றுள் சீரியம், புவியின் மேலோட்டில் செம்பை ஒத்த அளவில் இருக்கிறது. அவற்றை அரியவையாக்குவது அவற்றின் ஒற்றுமையே: வேதி இயல்பில் உடன்பிறந்தவர்களைப் போல ஒத்திருக்கும் இத்தனிமங்கள் ஒரே கனிமத்தில் ஒன்றாகவே குடியிருக்கின்றன, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பதற்கு ஒரே செயலை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தப் பொறுமையான வேலையில் முன்னோடியாக இருந்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக். அதுவரை தனித் தனிமம் என்று நம்பப்பட்ட டைடிமியம் என்ற பொருளை, உப்புகளை மீண்டும் மீண்டும் படிகமாக்கும் முறையால் 1885இல் இரண்டாகப் பிரித்து, நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. அதே காலத்தில், எரிவாயுச் சுடரின்மேல் மாட்டினால் ஒளிவீசும் வலைக்கூடு ஒன்றையும் அவர் உருவாக்கினார். பருத்தி வலையைத் தோரியம், சீரியம் உப்புக் கரைசலில் தோய்த்து எரித்தால், நூல் சாம்பலாகி, ஆக்சைடுகளாலான மெல்லிய கூடு எஞ்சும். அது சூடேறும்போது கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி தரும். தமிழகத்துத் திருமண ஊர்வலங்களிலும் கூத்துக் களங்களிலும் நெடுங்காலம் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் இதன் வழிவந்ததே. 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த கலவை 1891இல் நிலைபெற்றதும், மின்விளக்கு இன்னும் எளிதில் கிடைக்காத ஐரோப்பாவில் வாயுவிளக்கு புத்துயிர் பெற்றது. அதற்கான தோரியத்துக்காக வட கரோலினாவிலும் பின்னர் பிரேசிலிலும் மோனசைட் தோண்டப்பட்டது. வணிகம் பெரிதும் ஜெர்மானிய நிறுவனங்களின் பிடியில் இருந்தது.

இப்பின்னணியில்தான், அன்று மணவாளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கடற்கரை உலகச் சந்தைக்கு அறிமுகமாயிற்று. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் துகள்கள் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். கயிறு வந்த வழியைத் தேடித் தென்கரைக்கு வந்த அவர், அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலையை நிறுவினார். அங்கே நிகழ்ந்த பிரிப்பு, கனிமத் துகளைக் கனிமத் துகளிலிருந்து பிரிப்பது மட்டுமே. நீரில் ஆட்டும் மேசைகளில் கனமானவை ஒதுக்கப்படும். காந்தம் முதலில் இல்மனைட்டை இழுத்துக்கொள்ளும். வலிமையான காந்தத்துக்கு மோனசைட்டும் இணங்கும். எதற்கும் அசையாத சிர்க்கான் எஞ்சும். மோனசைட்டிலிருந்து தோரியத்தைப் பிரிக்கும் வேதிப்பணி கடலுக்கு அப்பால் நடந்தது. உள்ளூரில் அள்ளிக் கழுவுவது, வெளிநாட்டில் கரைத்துப் பிரிப்பது என்ற பங்கீடு அன்றே ஏற்பட்டுவிட்டது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டதும் எதிரிநாட்டவரான ஷோம்பெர்க் கைதுசெய்யப்பட, தொழில் லண்டன் நிறுவனங்களின் கைக்கு மாறியது. முதலாளியின் நாடு மாறியதே ஒழிய, வேலைப் பங்கீடு மாறவில்லை.

மின்விளக்கு பரவப் பரவ மோனசைட்டின் தேவை சுருங்கியது. அதுவரை ஒதுக்கித் தள்ளப்பட்ட இல்மனைட்டுக்கு 1920களில் திடீரென மதிப்புக் கூடிற்று. நச்சுத்தன்மை கொண்ட ஈய வெள்ளைக்கு மாற்றாக டைட்டானியம் டைஆக்சைடு வண்ணப்பூச்சுத் தொழிலில் நுழைந்ததே காரணம். இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் உலகுக்கு இல்மனைட் வழங்குவதில் திருவிதாங்கூர் முதலிடத்தில் இருந்தது. இந்த ஒரு கனிமத்தில் மட்டும் சமஸ்தானம் அடுத்த படியை ஏற முயன்றது என்பதைக் குறிப்பிட வேண்டும்: 1946இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1950களின் தொடக்கத்தில் வெண்ணிறமியை இங்கேயே உற்பத்தி செய்தது.

யுரேனியம் அணுக்கரு பிளவுபடுவது 1938இன் இறுதியில் கண்டறியப்பட்டதும் மோனசைட்டின் இரண்டாம் காலம் தொடங்கியது. தோரியம் தானாகப் பிளவுபடக்கூடிய எரிபொருள் அன்று. எனினும், அணு உலையில் நியூட்ரானை ஏற்று யுரேனியம்-233 ஆக மாறியபின் அது எரிபொருளாகப் பயன்படும் என்பது போர்க்காலத்திலேயே அமெரிக்காவில் நிறுவப்பட்டது. உலகின் யுரேனியத்தையும் தோரியத்தையும் தங்கள் கட்டுக்குள் வைத்திருக்க அமெரிக்காவும் பிரிட்டனும் 1944இல் கூட்டு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியபோது, திருவிதாங்கூரின் மணல் அதன் கவனத்துக்கு வந்ததில் வியப்பில்லை. இந்தியா விடுதலையை நெருங்கிய அந்த ஆண்டுகளில், கடற்கரை மணல் அரசியலமைப்புச் சிக்கலாகவே உருவெடுத்தது. 1946இல் மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே வேளையில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர், தோரியத்தைப் பிரிக்கும் ஆலையைச் சமஸ்தானத்திலேயே அமைத்துத் தருவதற்கு ஈடாக மோனசைட்டை வழங்குவது குறித்து பிரிட்டனுடன் பேச்சு நடத்தினார். 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அவர் அறிவித்ததன் பின்னே பல காரணங்கள் இருந்தாலும், உலக வல்லரசுகள் விரும்பும் பொருள் தம்மிடம் இருக்கிறது என்ற துணிவும் அவற்றுள் ஒன்று எனலாம்.

அத்துணிவு நீடிக்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவர் வெட்டித் தாக்கப்பட்டார். சில நாள்களிலேயே சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் சேர இசைந்தது. ஆயினும் சி. பி. முன்வைத்த நிபந்தனையை, அதாவது மணல் வேண்டுமாயின் ஆலையை இங்கே அமைக்க வேண்டும் என்பதை, அவருடைய அரசியலை ஏற்காத புதிய இந்திய அரசும் கைவிடவில்லை. 1948இல் அணுசக்திச் சட்டம் இயற்றப்பட்டது. ஹோமி பாபாவின் தலைமையில் அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டது. 1950 ஆகஸ்டில் இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் இணைந்து இந்திய அருமண் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் ஆலுவாயில் எழுப்பப்பட்ட ஆலையை 1952 டிசம்பர் 24 அன்று ஜவகர்லால் நேரு திறந்துவைத்தார்.

அந்த நிலைப்பாட்டை இந்தியா எத்தகைய நெருக்கடியில் காத்து நின்றது என்பது போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை. 1950-51இல் உணவுப் பஞ்சத்தில் தவித்த இந்தியா அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் கோதுமையைக் கோரியபோது, ஈடாக மோனசைட் ஏற்றுமதித் தடையை நீக்க வேண்டும் என்ற வற்புறுத்தல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்தது. பசித்த மக்களுக்கான தானியத்தையும் அணு மூலப்பொருளையும் ஒரே தராசில் வைக்க நேரு இணங்கவில்லை. கோதுமை இறுதியில் கடனாக வந்து சேர்ந்தது. 1953இல் ஆலுவாய் ஆலையின் தோரியம் நைட்ரேட் ஏறத்தாழ ஒரு டன், போலந்துக் கப்பலில் சீனாவுக்கு அனுப்பப்பட்டது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு அணு மூலப்பொருள் விற்கும் நாட்டுக்கு உதவியை நிறுத்த வகைசெய்யும் அமெரிக்கச் சட்டத்தை இது தொட்டதால், இரு நாடுகளுக்கும் இடையே நீண்ட பேச்சு நடந்தபின் விவகாரம் தணிந்தது. அன்று இந்தியா பிரித்தெடுத்து விற்க, சீனா வாங்கியது என்பது இன்றைய வாசகருக்கு நம்ப அரிதாகத் தோன்றலாம்.

1956 நவம்பர் 1 அன்று கல்குளம் வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது மணவாளக்குறிச்சி தமிழ் மாநிலத்துக்கு வந்தது. அதன் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலுவாய் கேரளத்தில் நின்றது. 1960களில் இந்திய அருமண் நிறுவனம் முழுமையாக ஒன்றிய அணுசக்தித் துறையின் கீழ் வந்து, மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறாவிலும் மணல் பிரித்த தனியார் நிறுவனங்களின் பணியையும் ஏற்றுக்கொண்டது.

ஆலுவாயில் நடந்த வேலையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் பின்னாளில் ஏற்பட்ட சறுக்கலின் வித்து அங்கேதான் இருக்கிறது. மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவுடன் சேர்த்துச் சூடாக்கினால் பாஸ்பேட் பிரிந்து, சோப்புத் தொழிலுக்கு உதவும் டிரைசோடியம் பாஸ்பேட்டாக விலைபோகும். எஞ்சியதிலிருந்து தோரியம் தனியே எடுக்கப்பட்டு மும்பையின் டிராம்பே அணுசக்தி மையத்துக்கு அனுப்பப்பட்டது; அதன் ஒரு பகுதி தோரியம் நைட்ரேட்டாகி உள்நாட்டு மேண்டில் தொழிலுக்குச் சென்றது. மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து புறப்பட்ட பொருள் இவ்வாறு சுற்றிவந்து தமிழக ஊர்த் திருவிழாக்களில் ஒளிர்ந்திருக்கிறது. அருமண் தனிமங்களோ பெரும்பகுதி ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்படாமல், கலவைக் குளோரைடாகவே ஏற்றுமதியாயின. இந்தக் கலவையிலிருந்து தயாராகும் உலோகம் சிகரெட் லைட்டரின் தீக்கல்லுக்கு உதவும். அதுவும் வெல்ஸ்பாக்கின் கண்டுபிடிப்பே.

அருமண் தனிமங்கள் இவ்வாறு பிரிக்கப்படாமல் விடப்பட்டதன் காரணத்தை பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தில் காணலாம். இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி என்பதால், மூன்றாம் கட்டத்தில் தோரியமே நாட்டின் நெடுங்கால மின் ஆதாரமாகும் என்பது அவருடைய கணிப்பு. கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி என்னும் சிற்றுலை, தோரியத்திலிருந்து பெறப்பட்ட யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்டது. அந்த அளவில் கனவு மெய்யாகியிருக்கிறது. ஆனால் அணுசக்திக்குரிய பொருளாக வரையறுக்கப்பட்ட மோனசைட், தொழில்துறைக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் எட்டாத ஒன்றாயிற்று. தோரியத்தின் காவலுக்காகக் கட்டப்பட்ட வேலிக்குள், அதே கனிமத்தில் பாதிக்கு மேல் இருந்த அருமண் தனிமங்களும் துணைப்பொருளாக அடைபட்டன. தோரியத்தைக் காத்ததைக் குறைகூற இயலாது; அருமண்ணை அதன் நிழலில் விட்டதே பிழை எனத் தோன்றுகிறது.

பிழையின் விலை உடனே தெரியவில்லை. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் 1960களில் வண்ணத் தொலைக்காட்சித் திரைக்கான யுரோப்பியத்தை வழங்கி முன்னேறியது. இரும்பு, நியோடிமியம், போரான் சேர்ந்த மிக வலிய காந்தத்தை ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜான் குரோட்டும் 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே உருவாக்கினர். சீனாவில் வேதியியலாளர் ஷு குவாங்ஷியான், கரைப்பான்களைக் கொண்டு படிப்படியாகப் பிரிக்கும் முறைக்கு 1970களில் கணித அடிப்படை அமைத்துக் கொடுத்தார். ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களைத் தொடர்தொட்டிகளில் எதிரெதிராகச் செலுத்தி, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு தனிமத்தைச் சிறிதளவு செறிவாக்கும் முறை அது. உள்மங்கோலியாவின் பையான் ஓபோ சுரங்கத்து இரும்புத் தாதுவோடு கிடைத்த அருமண், இந்த அறிவோடு இணைந்தபோது சீனா எவரும் எட்ட முடியாத விலையில் விற்றது. மவுண்டன் பாஸ் 2002இல் மூடப்பட்டது. ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் பணி 2004இல் நின்றது. அரை நூற்றாண்டுக்கு முன் நேரு திறந்துவைத்த ஆலையில் உலைகள் ஆறியது அன்று நாட்டில் பெரிய செய்தியாகவில்லை.

மோனசைட்டின் மூன்றாம் காலத்தைக் கொண்டுவந்தது அந்த நியோடிமியக் காந்தமே. மின்வாகனத்தின் மோட்டார் ஒன்றுக்கு ஓரிரு கிலோ காந்தம் போதும்; பற்சக்கரப் பெட்டியில்லாத புதுவகைக் காற்றாலைக்கோ ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 600 கிலோ வேண்டும். மணவாளக்குறிச்சி அமைந்த அதே மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் பழைய காற்றாலைகளில் பெரும்பாலானவை பற்சக்கரப் பெட்டியும் தூண்டல் மின்னாக்கியும் கொண்டவை. நியோடிமியக் காந்தம் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. கடலில் நிறுவப்படும் பெரிய காற்றாலைகளுக்குப் பராமரிப்புக் குறைவான காந்த மின்னாக்கிகளே ஏற்றவை என்பதால், தேவை இனி வளர்ந்தே தீரும்.

2010இல் ஜப்பானுடனான பூசலின்போது சீனா அருமண் ஏற்றுமதியைச் சுருக்கியதும் பல நாடுகள் விழித்துக்கொண்டன. ஒடிசாவின் சத்ரபூரில் மோனசைட்டைப் பிரிக்கும் புதிய ஆலை எழுந்தது. ஆலுவாயில் கலவையைத் தூய தனிமங்களாகப் பிரிக்கும் பணி மீண்டது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று விசாகப்பட்டினத்தில் பிரிப்பு ஆலை அமைத்தது. எனினும் 2024ஆம் ஆண்டுக்கான அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் இந்தியாவின் இருப்பு 69 லட்சம் டன். ஆண்டு உற்பத்தி 2,900 டன் மட்டுமே. சீனாவின் உற்பத்தி 2,70,000 டன். 2025 ஏப்ரலில் சமாரியம், டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கு சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகனத் தொழிற்சாலைகள் திகைத்ததன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது. அவற்றுள் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் கடும் வெப்பத்திலும் காந்தத்தின் வலிமை குன்றாமல் காப்பவை. கடற்கரை மோனசைட்டில் அவை மிகக் குறைவு. ஆகவே மணலை எவ்வளவு அள்ளினாலும் தீராத பற்றாக்குறையும் ஒன்று உண்டு. அவ்வாண்டு நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை, ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் உற்பத்தி செய்யும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

இந்த எண்களுக்கு அடியில் ஒரு கடற்கரை இருக்கிறது. சின்னவிளை, பெரியவிளை, கடியபட்டணம் போன்ற மீனவ ஊர்களுக்கு மணல் என்பது வலை உலர்த்தும் களம், படகு ஏற்றும் இடம், கடலைத் தடுக்கும் மேடு. மோனசைட்டின் தோரியத்தால் இக்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, அதனால் புற்றுநோய் கூடியதற்குச் சான்றில்லை என்றது. கன்னியாகுமரிக் கரையோர மக்களோ தங்கள் ஊர்களில் புற்றுநோய் மிகுதி என்று தொடர்ந்து கூறிவருகின்றனர். வேறொரு கரையின் முடிவைக் காட்டி அவர்களை அமைதிப்படுத்த முயல்வது முறையன்று. அவர்களுடைய ஊர்களிலேயே அத்தகைய ஆய்வை நடத்துவதுதான் அவர்களுக்குரிய மறுமொழி. தென்மாவட்டங்களில் தனியார் தாதுமணல் அள்ளியதில் எழுந்த முறைகேட்டுப் புகார்களைத் தொடர்ந்து 2013இல் தமிழக அரசு தடை விதித்ததும், 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டதும் அம்மக்களின் ஐயத்தை ஆழப்படுத்தியிருக்கின்றன.

கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு முதலிய பகுதிகளில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்க முன்மொழியப்பட்ட திட்டத்துக்காக 2024 அக்டோபரில் நடத்தத் திட்டமிட்ட கருத்துக்கேட்புக் கூட்டம், மக்களின் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுசென்றதைக் கண்டவர்கள் அந்த எதிர்ப்பில் இருந்தனர். 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களையும் அருங்கனிமங்களையும் எடுக்கும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. அவ்விலக்கைத் திரும்பப் பெறுமாறு தமிழக முதலமைச்சர் அம்மாதமே பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.